வேகமான ஃப்ரீரைட் ஸ்னோபோர்டு எந்தப் பனியில் எப்படி ஓடும்? கேள்விகளும் பதில்களும்

காஷ்மீரின் குல்மார்க்கில் பனிச்சறுக்கு கற்றுக்கொண்டு, வாடகைப் பலகையில் இரண்டு மூன்று சீசன் ஓட்டிவிட்டு, அடுத்து சொந்தமாக ஒரு ஃப்ரீரைட் பலகை வாங்கலாமா என்று யோசிக்கிறவர்கள் இப்போது நம்மவர்களிலேயே நிறைய. அவர்கள் திரும்பத் திரும்பக் கேட்பவற்றை இங்கே சேர்த்திருக்கிறேன். உதாரணங்கள் பெரும்பாலும் குல்மார்க்கின் அபர்வத் மலையிலிருந்துதான், ஏனென்றால் ஒரே நாளில் இத்தனை வகைப் பனியைக் காட்டும் இடம் இந்தியாவில் வேறு இருப்பதாக எனக்குத் தோன்றவில்லை.

"வேகமான ஃப்ரீரைட் பலகை" என்று எதைச் சொல்கிறீர்கள்?

இயந்திரம் சீராக்கி வைத்த பாதையை விட்டு விலகி, செங்குத்தான திறந்த சரிவில் வேகமாக இறங்குவதற்கென்று செய்த பலகை. மூக்குப் பக்கம் நீளமும் அகலமும் கூடுதலாக இருக்கும், வால் சற்றுக் குட்டையாகவும் ஒடுக்கமாகவும் இருக்கும். பூட்ஸைப் பலகையோடு பிணைக்கும் பைண்டிங் நடுவில் இல்லாமல் 2 முதல் 4 செ.மீ. வரை பின்னால் தள்ளியிருக்கும். காலுக்கு அடியில் கேம்பர், அதாவது தரையில் வைத்தால் நடுப்பகுதி லேசாக மேலே தூக்கி நிற்கும் வளைவு. மூக்கில் அதற்கு நேர்மாறான ராக்கர். விறைப்பை 1 முதல் 10 வரை எண்ணில் சொல்வார்கள், இந்த வகை 7 முதல் 9 வரை வரும். ஜோன்ஸ் ஃப்ளாக்‌ஷிப், பர்ட்டன் ஃப்ளைட் அட்டெண்டன்ட் எல்லாம் இந்தக் குடும்பம்தான்.

இன்னொன்றும் பார்க்க வேண்டும், விளிம்பின் உள்வளைவு. தாவுமேடைகள் அமைத்த பனிப்பார்க்கில் குதித்து விளையாடும் பலகைகளுக்கு அந்த வளைவின் ஆரம் பெரும்பாலும் 7, 8 மீட்டர்தான், இவற்றுக்கு 8 முதல் 10 மீட்டர், சிலவற்றில் அதற்கும் மேல். ஆரம் பெரிதாக ஆக, பலகை தானாகத் திரும்பப் பார்க்காது, நேராகப் போகவே விரும்பும். 60 கிமீ வேகத்தில் அது வரம், காட்டுக்குள் மெதுவாகப் போகும்போது தொல்லை. இந்தப் பலகையைப் பற்றிய பாதிக் கேள்விகளுக்குப் பதில் இதிலேயே இருக்கிறது.

பவுடரில் இதுதானே ராஜா?

திறந்த சரிவில், வேகத்தோடு போனால், ஆமாம். ஆனால் விளம்பரப் படங்களைப் பார்த்து நினைக்கிற அளவுக்கு இல்லை.

பவுடர் என்பது புதிதாக விழுந்த உலர்ந்த பனி, அதன் அடர்த்தி ஒரு கன மீட்டருக்கு 50 முதல் 100 கிலோதான், தண்ணீரோ 1,000 கிலோ. அவ்வளவு லேசான ஒன்றின்மேல் நம் எடையைத் தாங்க இரண்டே வழிதான் உண்டு. பலகையின் பரப்பு அதிகமாக இருக்க வேண்டும், இல்லையென்றால் வேகம் அதிகமாக இருக்க வேண்டும். வேகமான ஃப்ரீரைட் பலகை இரண்டாவதை நம்பிச் செய்யப்பட்டது. வேகம் எடுத்ததும் மூக்கு எழும்பி, ஒடுக்கமான வால் தானாகத் தாழ்ந்து, அருமையாக மிதக்கும். வேகம் குறைந்தால் விறைப்பான மூக்கு வளைந்து கொடுக்காமல் பனிக்குள் முட்டும், நீங்கள் பின்காலில் சாய்ந்து சாய்ந்து தொடை எரியும்.

பவுடர் மட்டும்தான் குறி என்றால் அதற்கென்றே செய்த பலகைகள் இருக்கின்றன. வால் இரண்டாகப் பிளந்த வடிவத்தை டிமித்ரி மிலோவிச் 1970களிலேயே யூட்டாவின் லேசான பனிக்காக விண்டர்ஸ்டிக் பலகைகளில் செய்துவிட்டார். ஜப்பானில் நிசெக்கோ பக்கம் ஜென்டெம்ஸ்டிக் நிறுவனம் செய்வதும் இந்த வழியில்தான். சைபீரியாவின் குளிர்காற்று ஜப்பான் கடலைக் கடக்கும்போது ஈரம் ஏறி, அங்கே ஜனவரி முழுக்க ஓயாமல் கொட்டும். அந்த ஊரின் சரிவுகள் பலவும் மிதமானவை, மரங்கள் நிறைந்தவை, அங்கே அகலமான, குட்டையான, மென்மையான பலகைதான் சந்தோஷம் தரும். விறைப்பான பலகையோடு போனால் நாள் முழுக்க அதோடு மல்லுக்கட்டத்தான் சரியாக இருக்கும்.

அப்படியென்றால் எந்தப் பனியில்தான் இது கொடுத்த காசுக்கு உழைக்கிறது?

குதறிப்போட்ட பனியில். இதை நான் அழுத்தியே சொல்வேன், ஏனென்றால் கடையிலும் யாரும் சொல்வதில்லை, வாங்குபவரும் கேட்பதில்லை.

பெரிய பனிப்பொழிவு முடிந்த மறுநாள் கோண்டோலா, அதாவது மலையேற்றும் கேபிள் கார், திறக்கிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். யாரும் கால் வைக்காத பவுடர் கிண்ணம் மாதிரி குழிந்த கீழ்ச்சரிவில் இரண்டு மணி நேரம் இருந்தால் அதிகம். பதினோரு மணிக்கெல்லாம் எல்லாத் தடங்களும் ஒன்றின்மேல் ஒன்று ஏறி, முழங்கால் உயரக் குவியல், பக்கத்தில் அமுங்கிய பள்ளம், மறுபடி குவியல் என்று சரிவு முழுக்க உழுது போட்டது மாதிரி ஆகிவிடும். மிச்ச நாள் முழுக்க நீங்கள் ஓட்டப்போவது இதைத்தான். மென்மையான பலகை ஒவ்வொரு குவியலிலும் மடங்கும், மூக்கு படபடவென்று அடிக்கும், குவியலின் ஓரம் பட்டால் பக்கவாட்டில் திரும்பும். விறைப்பான, அதிர்வை உள்ளே விழுங்கும் பலகை அந்தக் குவியலை வெட்டிக்கொண்டு போகும். முழங்கால்களை மட்டும் தளர்வாக வைத்துக்கொண்டு, பார்வையைப் பத்துப் பதினைந்து மீட்டர் முன்னால் வைத்து, பலகையை அதன் வேலையைச் செய்ய விட்டால் போதும்.

இங்கே எடையும் முக்கியம். கார்பன் சேர்த்து இறகு மாதிரி லேசாக்கிய பலகைகளுக்கு இப்போது நல்ல மவுசு. மலை ஏறித் தூக்கிப்போக அவை சுகம், குதறிய பனியிலோ தூக்கித் தூக்கிப் போடும். மூங்கில் அல்லது பாப்லர் மரக்கருவும், விளிம்பையொட்டி ரப்பர் பட்டைகளும் வைத்த, கொஞ்சம் கனமான பலகைக்கே என் ஓட்டு.

காற்று அடித்து இறுகிய பனியில்?

அபர்வத்தின் உச்சிப்பகுதி, அதாவது கோண்டோலாவின் இரண்டாம் கட்டம் கொண்டுபோய் விடும் 4,000 மீட்டரை ஒட்டிய உயரம், பனிப்பொழிவு நின்றதும் காற்றின் கையில் போய்விடும். காற்று பனிப்படிகங்களைப் பொடிப்பொடியாக நொறுக்கி நெருக்கி அடுக்கும். அது சீராக, உலர்ந்து, பூட்ஸ் லேசாக மட்டும் பதியும் அளவுக்கு இறுகியிருந்தால் வேகமான பலகைக்கு அதைவிட நல்ல தளம் கிடையாது. விளிம்பு பிடிக்கும், அதேசமயம் வழுக்கவும் விடும், சத்தம்கூட ஒரே சீராக வரும். சுவிட்சர்லாந்தில் வெர்பியேவின் பெக் தே ரோஸ் மலைமுகத்தில் 1996 முதல் ஃப்ரீரைட் போட்டி நடக்கிறது, முதலில் அது ஸ்னோபோர்டுக்கு மட்டும்தான் தொடங்கியது. அத்தகைய செங்குத்தான பாறை முகங்களில் பெரிய பலகைகளைத் தேர்ந்தெடுப்பதற்குக் காரணம் பவுடரைவிட இந்த இறுகிய பனிதான்.

காற்று வரிவரியாக அரித்துப் போட்ட பனி வேறு கதை. மேடும் பள்ளமுமாகக் கல் மாதிரி இருக்கும், அதில் எந்தப் பலகையிலும் பல் ஆடும். வரிகளுக்குக் குறுக்கே போகாமல் நீளவாக்கில் போங்கள். இன்னொரு எச்சரிக்கை: காற்று அடுக்கிய பனி கால் வைக்கும்போது உள்ளே வெற்றிடம் இருப்பது போல் 'டொம்' என்று ஒலித்தாலோ, பலகைக்கு முன்னால் கோடாக வெடித்து ஓடினாலோ, பலகை எப்படி ஓடுகிறது என்ற பேச்சே அங்கே வேண்டாம், அந்தச் சரிவை விட்டு விலகுங்கள்.

ஐஸ் மாதிரி கெட்டியான இடத்தில் பிடிக்குமா?

விளிம்பு கூராக இருந்தால் பிடிக்கும். விறைப்பான பலகை முறுக்கிக் கொடுக்காது என்பதால், முன்காலிலிருந்து பின்கால் வரை விளிம்பு முழுதும் ஒரே அழுத்தத்தில் பதியும். ஆனால் மூக்கில் ராக்கர் அதிகம் உள்ள பலகையில் அந்தப் பகுதி தரையைத் தொடவே தொடாது, ஆகையால் 160 செ.மீ. பலகை வாங்கினாலும் ஐஸில் உங்களுக்குக் கிடைப்பது அதைவிடக் குட்டையான விளிம்புதான். லிப் டெக் நிறுவனம் செய்யும் அலை அலையான விளிம்பு கெட்டித் தரையில் கூடுதலாகப் பல இடங்களில் கடிக்கிறது, அது வெறும் விளம்பரம் இல்லை, ஓட்டினால் வித்தியாசம் தெரியும். பவுடரில் அதனால் பெரிய லாபமோ நஷ்டமோ கிடையாது.

விளிம்பைத் தீட்டும்போது அடிப்பக்கம் 1 டிகிரி, பக்கவாட்டில் 1 முதல் 2 டிகிரி என்று வைத்தால் பெரும்பாலானவர்களுக்குப் போதும். மூக்கும் வாலும் மேலே வளையும் இடத்தில் மட்டும் கொஞ்சம் மழுக்கிவிடுங்கள்.

சீராக்கிய பாதையில்?

வேகமாகப் போனால் ஆனந்தம். 60 டிகிரி சாய்த்துப் பிடித்தால் 9 மீட்டர் ஆரம் உள்ள பலகை கெட்டித் தரையில் ஏறக்குறைய 4.5 மீட்டர் ஆரத்தில் திரும்பும், சாய்வுதான் எல்லாவற்றையும் தீர்மானிக்கிறது. மெதுவாகத் தட்டையாக ஓட்டுபவருக்குப் பலகை மரக்கட்டையாகத்தான் தெரியும்.

மேலே பொருக்கு, கீழே உதிரிப் பனி: இதற்கு எந்தப் பலகை?

எதுவும் இல்லை. வெயிலோ மழையோ மேல்பரப்பை நனைத்து, இரவில் அது உறைந்தால் வரும் இந்தப் பொருக்கு, உங்கள் எடையை ஒரு நொடி தாங்கும், அடுத்த நொடி உடையும். நீளமான மூக்கு உள்ள பலகை கொஞ்சம் தேவலை, ஏனென்றால் உடைந்த பொருக்கின் அடியில் மூக்கு சிக்கினால் ஆள் அப்படியே தலைகுப்புற. இரண்டு காலிலும் சம எடை, திருப்பங்கள் குறைவு, திரும்ப வேண்டிய இடத்தில் லேசாகத் துள்ளித் திரும்புவது. அதைவிட நல்ல யோசனை, சூரியன் படாத பக்கமாகப் போய்விடுவது. வெயிலால் வந்த பொருக்கு என்றால் அங்கே கட்டியிருக்காது.

மார்ச் வெயிலில் எப்படி?

மார்ச்சில் பகலில் உருகி இரவில் உறைந்து, மறுபடி உருகி மறுபடி உறைந்து, பனிப்படிகங்கள் கூர் மழுங்கி உருண்டையாகின்றன. காலையில் அது சிமென்ட். வெயில் ஏறி மேல் இரண்டு மூன்று செ.மீ. மட்டும் இளகும்போது ஊறவைத்த ஜவ்வரிசி மாதிரி தனித்தனி உருண்டையாகப் பலகைக்கு அடியில் உருளும், அந்த ஒன்றிரண்டு மணி நேரம் வேகமான பலகைக்குக் கொண்டாட்டம்தான். கிழக்குப் பார்த்த சரிவில் முதலில் இளகும், பிறகு தெற்கு, கடைசியில் மேற்கு. வெயிலோடு சேர்ந்து நீங்களும் சரிவு மாற்றிக்கொண்டே போகலாம்.

நேரம் தாண்டிவிட்டால் சொதசொதவென்று ஆகிவிடும். பனியில் தண்ணீர் அதிகமானால் பலகையின் அடிப்பாகத்தோடு ஒட்டி உறிஞ்சிப் பிடிக்கும், திடீரென்று யாரோ பின்னாலிருந்து இழுத்தது போல வேகம் செத்துவிடும், நீங்கள் மட்டும் முன்னால் போய் விழுவீர்கள். வழவழப்பான அடிப்பாகம்தான் இதில் அதிகம் ஒட்டும். கல்லில் தீட்டி நீளவாக்கில் நுண்ணிய வரிகள் போட்டுத் தருவார்கள், ஈரப் பனிக்கு அந்த வரி ஆழமாகவும் குளிர்ப் பனிக்கு மெல்லியதாகவும் இருக்க வேண்டும். கணுக்கால் மூழ்கும் அளவுக்கு ஈரமானால் பலகையை மாட்டிக்கொண்டு இருக்க வேண்டாம், ஈரப் பனிச்சரிவு வருகிற நேரம் அதுதான்.

ஜனவரியில் ரொம்பக் குளிராக இருக்கும்போது பலகை ஓடவே மாட்டேன் என்கிறது. பழுதா?

பழுது இல்லை. சில்லை கலான் என்று காஷ்மீரிகள் சொல்லும், டிசம்பர் 21இல் தொடங்கி 40 நாள் நீடிக்கும் கடுங்குளிரில் உச்சியில் வெப்பநிலை உறைநிலைக்கு 15 டிகிரி கீழே போவது சாதாரணம். பனியில் பலகை சறுக்குவதற்கு உராய்வின் சூட்டில் உருவாகும் மிக மெல்லிய ஈரப்படலம் உதவுகிறது. அவ்வளவு குளிரில் அந்தப் படலம் சரியாக உருவாகாது, புதுப் படிகங்களின் கூரான முனைகளும் அடிப்பாகத்தைக் கீறிப் பிடிக்கும். உறைநிலைக்குச் சற்றுக் கீழே, சில டிகிரிக்குள் இருக்கும்போதுதான் பனி மிக வேகமானது. கடுங்குளிருக்கென்று கெட்டியான வாக்ஸ் (அடிப்பாகத்தில் உருக்கிப் பூசும் மெழுகு) தனியாக விற்கிறது, அதைப் போட்டு நன்றாகச் சுரண்டி பிரஷ் செய்தால் வித்தியாசம் உடனே தெரியும்.

வாக்ஸ் அவ்வளவு முக்கியமா? அடிப்பாகம் ஏற்கெனவே வேகமானது என்றுதானே விற்கிறார்கள்?

வேகமான பலகைகளின் அடிப்பாகம் பாலிஎத்திலீன் தூளைச் சூட்டில் அழுத்திச் செய்த சின்டர்டு வகை. அது வாக்ஸை உள்ளே இழுத்து வைத்துக்கொள்ளும், அதனால்தான் வேகம். வாக்ஸ் இல்லாமல் காய்ந்துபோனால், உருக்கி வார்த்த மலிவான அடிப்பாகத்தைவிடவும் மோசமாக ஓடும். விளிம்பை ஒட்டி வெள்ளை வெள்ளையாக நார் மாதிரி தெரிய ஆரம்பித்தால் பலகை வாக்ஸ் கேட்கிறது என்று அர்த்தம்.

காலையில் எந்த வாக்ஸ் என்று தெரியாவிட்டால், கையுறையில் பனியை அள்ளி இறுக்கிப் பாருங்கள். உருண்டை பிடிக்காமல் உதிர்ந்தால் குளிர் வாக்ஸ், உருண்டை நின்றால் நடுத்தரம், பிழிந்தால் தண்ணீர் சொட்டினால் சூட்டு வாக்ஸ். இஸ்திரிப் பெட்டியில் புகை வரவே கூடாது, பெட்டியை ஒரே இடத்தில் நிறுத்தவும் கூடாது. ஃபுளோரின் கலந்த வாக்ஸ் யாராவது பாதி விலைக்குக் கொடுத்தாலும் வாங்காதீர்கள். மண்ணிலும் நீரிலும் அழியாமல் தங்கும் ரசாயனம் அது, சர்வதேசப் பனிச்சறுக்குக் கூட்டமைப்பு 2023-24 சீசனிலிருந்து தன் போட்டிகளில் அதை முற்றாகத் தடை செய்துவிட்டது. இந்த மலைப்பனி உருகித்தான் கீழே இருக்கும் ஊர்களுக்குத் தண்ணீர்.

ஒரே இறக்கத்தில் எல்லாப் பனியும் வந்தால் என்ன செய்வது?

அபர்வத் உச்சியிலிருந்து அடிவாரத்து ஊரான தங்மார்க் வரை இறங்கினால் அதுதான் நடக்கும். இறக்கம் ஏறக்குறைய 1,800 மீட்டர், வழிகாட்டியோடு மட்டுமே போக வேண்டிய பாதை. உச்சியில் காற்று இறுக்கிய பனி, அங்கே பலகைமேல் நடுவில் நின்று நீளமான திருப்பங்கள் போடலாம். கொஞ்சம் கீழே காற்றுக்கு மறைவான கிண்ணத்தில் பவுடர் சேர்ந்திருக்கும், அந்த எல்லையைக் கடக்கும்போது பலகை சட்டென்று வேகம் இழக்கும், எனவே எல்லை வருவதற்கு முன்பே எடையைக் கொஞ்சம் பின்னால் கொண்டுவாருங்கள். அப்புறம் பூர்ஜ மரங்கள், அதற்கும் கீழே அடர்ந்த ஊசியிலைக் காடு. கடைசியில் 2,200 மீட்டருக்குப் பக்கத்தில், வீடுகள் தெரிய ஆரம்பிக்கும் இடத்தில், பிற்பகலில் கனத்த ஈரப்பனி. காலையில் உச்சிக்கென்று போட்ட குளிர் வாக்ஸ் இங்கே திணறும். தட்டையான இடங்களில் ஸ்கீ ஓட்டுபவர் கம்பு ஊன்றிப் போய்விடுவார், நமக்குக் கம்பு கிடையாது, வருகிற வேகத்தை வைத்தே கடக்க வேண்டும். வேகமான அடிப்பாகத்தின் உண்மையான பயன் இந்த மாதிரித் தட்டையில்தான் தெரியும், நின்றுவிட்டால் தொடை அளவு பனியில் பலகையைக் கழற்றி நடந்துதான் தீர வேண்டும்.

காட்டுக்குள் இந்தப் பலகை சரிப்படுமா?

மரங்கள் இடைவெளி விட்டு இருந்தால் சரி. நெருக்கமாக இருந்தால் குட்டையான பலகை எடுங்கள். பெரிய ஊசியிலை மரத்தின் அடியில் கிளைகள் மறைப்பதால் பனி இறுகாமல் குழியாகவே இருக்கும், அதில் தலைகீழாக விழுந்தால் தானாக வெளியே வருவது கிட்டத்தட்ட முடியாத காரியம். துணைக்கு வருபவர் கண்பார்வையிலேயே இருக்க வேண்டும், விசில் கழுத்துப்பட்டையில் இருக்க வேண்டும்.

வேகமான பலகை இருந்தால் பனிச்சரிவை முந்திவிடலாமா?

முடியாது. உலர்ந்த பனிப்பாளம் பெயர்ந்தால் சில நொடிகளிலேயே மணிக்கு 100 கிமீ வேகத்தை எட்டிவிடும், பெரும்பாலும் நீங்கள் நிற்கும் பாளமே பெயர்கிறது, முந்துவதற்கு இடம் எங்கே? 30 முதல் 45 டிகிரி வரையிலான சரிவுகள்தான் அதிகம் பெயர்பவை, வேகமான பலகைக்கு உகந்த சரிவும் அதே சரிவுதான். அபர்வத்தில் 2023 பிப்ரவரியில் போலந்தைச் சேர்ந்த இருவர் இறந்தார்கள், அடுத்த ஆண்டு பிப்ரவரியில் குல்மார்க்கில் ரஷ்யர் ஒருவர் இறந்தார். புதைந்தவரை முதல் 10, 15 நிமிடங்களுக்குள் வெளியே எடுத்தால்தான் பிழைக்கும் வாய்ப்பு நன்றாக இருக்கும், அந்த நேரத்துக்குள் எடுக்கக் கூடியவர் பக்கத்தில் இருக்கும் உங்கள் துணைதான். பீக்கன் (புதைந்தவரைக் கண்டுபிடிக்க உதவும் சிக்னல் கருவி), புரோப் கம்பு (பனிக்குள் குத்தித் தேடுவது), மண்வாரி மூன்றும் ஒவ்வொருவரிடமும் இருக்க வேண்டும், பழகியும் இருக்க வேண்டும். ரோந்துக்குழு மூடிய சரிவு மூடியதுதான். பலகைக்கு ஒதுக்கும் பணத்தில் முதல் பங்கை இதற்கு எடுத்து வையுங்கள்.

எந்த நீளம் எடுப்பது?

உயரத்தைவிட எடையைப் பாருங்கள். 65 கிலோ ஆளுக்கு 155 முதல் 158 செ.மீ., 75 கிலோவுக்கு 158 முதல் 162 என்று தொடங்கலாம், முதுகுப்பையின் எடையையும் சேர்த்துக்கொள்ளுங்கள். பூட்ஸின் முனை விளிம்பைத் தாண்டி ரொம்ப வெளியே நீட்டினால், சாய்க்கும்போது அது பனியில் உரசித் தூக்கிவிடும், பாதம் பெரிதானவர்கள் அகல வகை எடுக்க வேண்டும்.

நான் இப்போதுதான் திருப்பங்களைச் சேர்த்துப் போடுகிறேன். வாங்கலாமா?

இந்தச் சீசன் வேண்டாம். விறைப்பு 5, 6 உள்ள, மூக்கு வால் வேறுபாடு கொஞ்சம் மட்டும் உள்ள பலகையில் எல்லாப் பனியிலும் ஓட்டுங்கள். குதறிய பனியில் அது தூக்கிப்போட ஆரம்பித்து, உங்களுக்கு எரிச்சல் வந்தால், அப்போது வாங்கலாம்.

சீசன் முடிந்து சென்னைக்கோ பெங்களூருக்கோ கொண்டுவந்தால்?

நம் ஊர் ஈரக்காற்றில், அதிலும் கடலோரத்தில், விளிம்பு துரு ஏறத் தாமதமே ஆகாது. ஈரம் போகத் துடைத்து, அடிப்பாகம் முழுக்கவும் விளிம்பின்மேலும் தடிமனாக வாக்ஸ் பூசி, சுரண்டாமல் அப்படியே வைத்துவிடுங்கள். பைண்டிங் திருகுகளைத் தளர்த்துங்கள். மொட்டைமாடி அறையிலும் காரின் டிக்கியிலும் வைக்காதீர்கள், அந்தச் சூட்டில் பசை விட்டு அடுக்குகள் பிரியக்கூடும். கட்டிலுக்கு அடியில் படுக்கை வாக்கில் வைத்தால் போதும், டிசம்பரில் எடுத்து வாக்ஸைச் சுரண்டிவிட்டுக் கிளம்பலாம்.